ஜாக்கி தூக்கும், தாங்காது!
(வண்டிப் பாடம்: என்ஜின் மவுண்டிங் மாற்றும்போது உயிர்ப் பாதுகாப்பு)



"கார் என்ஜினைத் தூக்குறதைப் பத்தி நமக்கு எதுக்குங்க பாடம்? நாம என்ன மெக்கானிக் கடையா வைக்கப் போறோம்?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழுக் கடனில் குட்டி யானை வாங்கி ஓட்டும் குழுக்கள் நம்மிடையே உண்டு. ஆம்னி வேன் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. சென்னையில் பெண்கள் ஓட்டும் பிங்க் ஆட்டோக்களை 2025 மார்ச் 8 மகளிர் தினத்தன்று முதலமைச்சர் தொடங்கி வைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், நம் ஊர்ப் பையன்கள். பத்தாவது முடித்ததும் முடிக்காததுமாகச் சென்னைக்குப் போய், தி.நகர், மயிலாப்பூர், அடையாறு சந்துகளில் இருக்கும் கார் பட்டறைகளில் ஹெல்ப்பராகச் சேருகிற பிள்ளைகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! மாதம் பணம் அனுப்புகிறான், சந்தோஷம். அவன் எதுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறான், அவன் தலைக்கு மேலே என்ன நிற்கிறது, அது எதன் மேல் நிற்கிறது என்று நாம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம். வண்டி வைத்திருப்பவருக்கும் ஆகும், பட்டறைக்குப் பிள்ளையை அனுப்பியவருக்கும் ஆகும், ஐடிஐயில் மகளைச் சேர்க்க நினைப்பவருக்கும் ஆகும்.

மவுண்டிங் என்றால் என்ன?

மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நாலு ரப்பர் கால் இருக்கும். அந்த ரப்பர் தேய்ந்துபோன மிக்ஸி என்ன செய்யும்? சட்னி அரைக்கும்போது மேடை மேல் தானாக நடக்கும், தடதடவென்று சத்தம் போடும். கார் என்ஜினுக்கும் அதே கதைதான். என்ஜினை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு நேரடியாக முடுக்கிவிட்டால் அதன் அதிர்வு முழுவதும் சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் வந்துவிடும். அதனால் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் கனமான ரப்பர் வைத்து உட்கார வைக்கிறார்கள். அந்த ரப்பரும் அதோடு ஒட்டிய இரும்புத் துண்டும் சேர்ந்ததுதான் என்ஜின் மவுண்டிங். சில கார்களில் ரப்பருக்குள் திரவம் அடைத்த மவுண்டிங்கும் வருகிறது.

பழைய அம்பாசிடர் காரில் என்ஜின் நீளவாக்கில் இருக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதிலும், அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான சின்னக் கார்களிலும் என்ஜின் குறுக்கே படுத்திருக்கும். இப்படிக் குறுக்கே வைத்த என்ஜினுக்குப் பொதுவாக மூன்று அல்லது நான்கு மவுண்டிங் இருக்கும். ஆம்னி, டாட்டா ஏஸ் (அதுதாங்க நம்ம குட்டி யானை) இரண்டிலும் என்ஜின் முன்பக்கம் இல்லை, ஓட்டுநர் உட்காரும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. 2005இல் வந்த குட்டி யானையின் டீசல் என்ஜினுக்கு இரண்டே சிலிண்டர். நாலு சிலிண்டர் என்ஜினைவிட அதிர்வு அதிகம். ரப்பருக்கு வேலையும் அதிகம்.

கெட்டுப்போனது எப்படித் தெரியும்? வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடினால் உடம்பே ஆடும். கியர் மாற்றும்போது, ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது 'டங்' என்று ஒரு அடி கேட்கும். கியர் ராடு தானாக முன்னும் பின்னும் உதறும். ரப்பரைப் பார்த்தால் வெடிப்பு விட்டிருக்கும். ஆயில் ஒழுகுகிற என்ஜினில் ரப்பர் ஊதி, கொழகொழவென்று ஆகியிருக்கும். எண்ணெய்க்கும் ரப்பருக்கும் ஆகாது. அதனால் ஒழுகலை நிறுத்தாமல் புது மவுண்டிங் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும், காசுதான் நஷ்டம்.

சோதிக்க ஒரு வழி உண்டு. ஓட்டுநர் கை பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் நன்றாக அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பார்ப்பார். மவுண்டிங் போயிருந்தால் என்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழும்பும். இதைப் பார்க்கிறவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள், ஒரு குழந்தை, ஒரு ஆட்டுக்குட்டிகூட நிற்கக் கூடாது.

மவுண்டிங் மாற்ற என்ஜினைக் கழற்ற வேண்டாம்

இது பலருக்குத் தெரியாது. "மவுண்டிங் போச்சுங்க, என்ஜினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் என்ஜினை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அதன் பாரத்தை மவுண்டிங்கின் மேலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டால் போதும். எவ்வளவு தூக்க வேண்டும்? அரை அங்குலம், மிஞ்சிப்போனால் முக்கால் அங்குலம். போல்ட்டு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்துவிட்டால் பாரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் தூக்கினால் ரேடியேட்டர் குழாய் இழுபடும், சைலன்சர் பைப் வளையும், ஒயர் அறுந்துவிடும்.

அரை அங்குலம்தானே என்று இளப்பமாக நினைக்கிறார்களே, அங்கேதான் ஆபத்து. சின்னக் காரின் பெட்ரோல் என்ஜின் கியர்பாக்ஸோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டும். டீசல் என்றால் இன்னும் அதிகம். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தாறை ஒன்றாகக் கட்டி உங்கள் கை மேல் வைத்தால் என்ன ஆகும்? அரை அங்குலத்திலிருந்து விழுந்தாலும் விரல் விரலாக இருக்காது. அது என்ஜின் மட்டும். அடியில் படுப்பவருக்கு மேலே இருப்பது மொத்த வண்டி. மாருதி 800 போன்ற குட்டிக் காரே 600 கிலோவுக்கு மேல், இப்போது டாக்ஸியாக ஓடும் கார்கள் ஒரு டன்னை ஒட்டி வரும்.

ஜாக்கியின் குணம்

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால், இந்தப் பகுதியைப் படித்தால் போதும்.

பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ராலிக் ஜாக்கி. பாட்டில் மாதிரி நிற்பது பாட்டில் ஜாக்கி, சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது டிராலி ஜாக்கி. இரண்டுக்கும் உள்ளே எண்ணெய்தான். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞர் சொன்ன விதியின்படி வேலை செய்கிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும். சின்னத் தண்டை 10 கிலோ பலத்தில் அழுத்துகிறோம், பெரிய தண்டின் பரப்பு அதைப்போல் 50 மடங்கு என்றால் அந்தப் பக்கம் 500 கிலோ தூக்கும். ஒரு பெண் ஒரு கையால் காரைத் தூக்க முடிவது இதனால்தான். நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த எண்ணெயை உள்ளே பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? நம் பிரஷர் குக்கர் காஸ்கெட் மாதிரி ஒரு ரப்பர் வளையம். குக்கர் காஸ்கெட் தளர்ந்தால் ஆவி போகும், சோறு வேகாது, அவ்வளவுதான். ஜாக்கியின் வளையம் விட்டுப்போனால் வண்டி இறங்கும். சில சமயம் மெதுவாக இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சில சமயம் ஒரே மூச்சில் இறங்கும். எண்ணெய் இறக்கும் திருகு யாருடைய கால் பட்டுத் திரும்பினாலும் அதே கதைதான். அதனால் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கிய உடனே, அடியில் கை நீட்டுவதற்கு முன்பே, இரும்பு ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்கிவிட வேண்டும். சில பட்டறைகளில் இதைக் 'குதிரை' என்றும் சொல்வார்கள். ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, ரப்பரும் இல்லை. இரும்பு, பல், பின், அவ்வளவுதான். அதுதான் தாங்கும்.

ஸ்டாண்டு இல்லாத இடத்தில் என்ன வைக்கிறார்கள்? செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல். ஹாலோ பிளாக் சுவர் கட்ட நல்லது. அதன் மேல் ஒரு கூர்மையான இரும்பு முனையில் கார் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். மரம் வளைந்து, முனகி எச்சரிக்கும். கல்லும் செங்கலும் எதுவும் சொல்லாது.

மந்தைவெளிப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்த காட்சி இது. கார் ஓட்டும் பெண் ஒருவர் வண்டியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டுச் சாக்கை விரித்து அடியில் போகப் போனார்.

"அண்ணா, ஸ்டாண்டு வெச்சிட்டீங்களா?"

"அஞ்சு நிமிஷ வேலைதாங்க்கா. ஒரே ஒரு போல்ட்டு."

"அஞ்சு நிமிஷம்னா என்னண்ணா? நான் காத்துக்கிட்டுதானே இருக்கேன். வெச்சிட்டே போங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் ஸ்டாண்டு எடுத்து வந்தார். சுவர் ஓரத்தில்தான் இருந்தது. எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கருவி இருந்தும் "அஞ்சு நிமிஷம்" என்ற சொல்தான் அதை எடுக்க விடுவதில்லை.

இடம் பார்க்க வேண்டும்

தி.நகர், மயிலாப்பூர் போன்ற இடங்களில் பட்டறைக்கு உள்ளே ஒரு வண்டி நிற்கவே இடம் போதாது. மீதி வண்டிகள் தெருவில்தான். தெரு என்றால் ஓரத்துக்குச் சரிவு இருக்கும், ஒரு பக்கம் சாக்கடை மூடி, இன்னொரு பக்கம் தோண்டி மூடிய பள்ளம். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிப்போய்க் கிடக்கும். அதில் ஸ்டாண்டின் நாலு கால் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும், வண்டி சாயும். கிராமத்தில் நம் வாசல் மண்தரையும் இதே ரகம்தான், மழை பெய்த மறுநாள் கேட்கவே வேண்டாம். சிமெண்ட் தரைதான் நல்லது. அது கிடைக்காவிட்டால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான, அகலமான பலகை போட வேண்டும். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். கை பிரேக் மட்டும் போதாது, பல வண்டிகளில் அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும்.

ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடி விழுவதாக இருந்தால் அடியில் ஆள் இல்லாதபோதே விழட்டும். சக்கரம் கழற்றியிருந்தால் அதை வண்டிச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல வழக்கம். எல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தின் உயரத்துக்காவது ஒரு இடைவெளி மிஞ்சும்.

மேலிருந்து தூக்குவது

சில வண்டிகளில் செயின் பிளாக் மாட்டி மேலிருந்து என்ஜினைப் பிடிப்பார்கள். இது நல்ல முறை. ஏனென்றால் அடியில் இடம் காலியாக இருக்கும். ஆனால் செயின் பிளாக்கை எதில் மாட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. வேப்ப மரக் கிளையில் மாட்டுவதை ஊரிலும் பார்க்கலாம், சென்னையிலும் பார்க்கலாம். கிளை பச்சையாக இருக்கிறது என்பதால் உள்ளே கரையான் இல்லை என்று ஆகாது. (முருங்கை மரத்தில் ஏறாதே என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தது ஏன் என்று தெரியும்தானே!) வீட்டு சன்ஷேடு, போர்ட்டிகோ கொக்கி, ஊஞ்சல் வளையம் எதுவும் இதற்கு ஆகாது. மூன்று கால் இரும்பு டிரைபாட் பயன்படுத்தினால் மூன்று கால்களையும் கீழே சங்கிலியால் ஒன்றோடு ஒன்று கட்டியிருக்க வேண்டும். கட்டாவிட்டால் பாரம் ஏற ஏறக் கால்கள் அகன்று வழுக்கும்.

கொக்கியை என்ஜினில் எங்கே மாட்டுவது? பல என்ஜின்களில் தூக்குவதற்கென்றே தடித்த இரும்பு வளையம் கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள். அதில்தான் மாட்ட வேண்டும். காற்று போகும் பிளாஸ்டிக் குழாயிலோ, கைக்கு எட்டிய ஏதோ ஒரு பிராக்கெட்டிலோ மாட்டக் கூடாது. பழைய நைலான் கயிறு, கிணற்றுக் கயிறு வேண்டவே வேண்டாம். சங்கிலியிலோ பட்டையிலோ எத்தனை டன் தாங்கும் என்று அச்சடித்திருக்கும். அச்சு இல்லாததை நம்ப முடியாது.

வேலையின் வரிசை

முதலில் என்ஜின் ஆற வேண்டும். ஓடி வந்த வண்டியின் சைலன்சர் பைப் தோசைக்கல்லைவிடச் சூடு. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரையோரம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பக்கமெல்லாம் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே நிலைமை. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியின் அடி போல்ட்டுகள் இறுகிப் போயிருக்கும். இறுகிய போல்ட்டுக்கு ஸ்பானரில் நீளப் பைப்பைச் சொருகி, அடியில் படுத்துக்கொண்டு பலம் கொடுத்து இழுப்பார்கள். அந்த இழுப்பில்தான் வண்டி ஸ்டாண்டிலிருந்து நகர்கிறது. எண்ணெய் ஊற வைத்தால் அவ்வளவு பலம் தேவைப்படாது.

இப்போது என்ஜினுக்கு அடியில் ஜாக்கி. "இப்பத்தானே ஜாக்கி தாங்காதுன்னு சொன்னீங்க?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வண்டியின் உடம்பை ஸ்டாண்டு தாங்குகிறது. என்ஜினின் பாரத்தில் ஒரு பங்கை மட்டும் ஜாக்கி வாங்கிக்கொள்கிறது. மீதியை மற்ற மவுண்டிங்குகள் பிடித்திருக்கின்றன. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மவுண்டிங்கைத்தான் கழற்ற வேண்டும். நேரம் மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கழற்றினால் என்ஜின் முழுவதும் அந்த ஜாக்கியின் தலையில் நிற்கும். ஜாக்கியோடு சேர்த்துப் பக்கத்தில் கட்டை அடுக்கி வைத்தால் இன்னும் நல்லது.

ஜாக்கியின் இரும்புத் தலையை நேராக ஆயில் சம்பில் வைக்கக் கூடாது. சம்பு பல வண்டிகளில் மெல்லிய தகடு. உள்ளே தரையை ஒட்டி ஆயில் உறிஞ்சும் சல்லடை இருக்கும். தகடு நசுங்கினால் சல்லடை அடைபடும், ஆயில் ஏறாமல் என்ஜின் ஜாம் ஆகிவிடும். ரப்பர் மாற்றப் போய் என்ஜினே போன கதை இப்படித்தான் நடக்கிறது. நடுவில் அகலமான மரப்பலகை வைத்து, பாரம் சம்பின் ஓரத்துக் கனத்த பகுதிக்கோ, கியர்பாக்ஸ் உடம்புக்கோ போகும்படி பார்க்க வேண்டும். எந்த வண்டிக்கு எந்த இடம் என்பதைக் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்வதுதான் சரி.

கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் குழாய்களையும் ஒயரையும் பார்க்க வேண்டும். போல்ட்டு தளர்ந்ததும் நிறுத்திவிடலாம். பழையதை எடுத்துப் புதியதை வைக்கும்போது துளையும் துளையும் நேராக வராது. அப்போது எல்லோருக்கும் கை போகிற இடம் எது தெரியுமா? விரலை உள்ளே விட்டுத் துளையைத் தடவிப் பார்ப்பது! அதைச் செய்யவே கூடாது. ஸ்குரூ டிரைவரோ நீளக் கம்பியோ விட்டுத்தான் நேராக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நாலு சுற்று ஏற்றிவிட்டு, ஜாக்கியை மெதுவாக இறக்கி, என்ஜின் தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகு கடைசி முடுக்கு முடுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

புது மவுண்டிங் வாங்க அண்ணா சாலையையும் ராயப்பேட்டையையும் இணைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போவார்கள், ஜி.பி. ரோடு என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். எழும்பூர் பக்கம் புதுப்பேட்டையில் பழைய சாமான் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் போன்றவற்றைப் பழசில் வாங்கலாம். மவுண்டிங்கைப் பழசில் வாங்குவது வீண். ரப்பர் ஓடினாலும் முதிரும், சும்மா கிடந்தாலும் முதிரும்.

உடை, வளையல், தாலி

பட்டறை வேலை கற்க வரும் பெண்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது. முந்தானை, துப்பட்டா, பின்னல் மூன்றும் சுற்றும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் ரொம்பப் பிடித்தவை. நூறு நாள் வேலைக்குப் போகும்போது சேலை மேல் சட்டை போட்டுக்கொள்கிறோமே, அதே போல முழுச் சட்டை போட்டு, பின்னலைச் சுற்றிக் கட்டி உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும். உலோக வளையலும் மோதிரமும் பேட்டரி முனையில் பட்டு இரும்பையும் தொட்டால் நொடியில் பழுத்துவிடும், கையில் தீக்காயம்தான். அதனால் வளையலைக் கழற்றி வைக்கலாம். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்ல நமக்கு மனசு வராது. சட்டைக்குள் விட்டு மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டால் போதும். அடியில் படுக்கும்போது கண்ணாடி போட்டால் துரு கண்ணில் விழாது. செருப்பு வேண்டாம், ஷூ வேண்டும்.

குழு வண்டி பட்டறைக்குப் போகும்போது

வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கூட நின்று, "ஸ்டாண்டு எங்கே? எந்த மவுண்டிங்கை மாற்றப் போறீங்க? பழசைத் திருப்பித் தருவீங்களா?" என்று கேளுங்கள். பழைய ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தால் மாற்றியது உண்மையா என்று தெரிந்துவிடும், குழுக் கணக்குக்கும் ஆதாரம். ஸ்டாண்டைப் பற்றிக் கேட்டால் மெக்கானிக் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நம் வண்டிக்கு அடியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு படுத்திருக்கிறது. "சீக்கிரம் முடிங்கண்ணா, லோடு ஏத்தணும்" என்று நாம் அவசரப்படுத்துவதும் ஸ்டாண்டு வைக்காமல் போவதற்கு ஒரு காரணம் என்பதை நாமும் நினைக்க வேண்டும்.

வண்டி யார் மேலாவது இறங்கிவிட்டால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் இன்னொரு ஜாக்கியால் பாரத்தை எடுத்து, கட்டை கொடுத்து, பிறகுதான் ஆளை அசைக்க வேண்டும். அதற்குள் ஒருவர் 108க்குப் பேசிவிட வேண்டும்.

பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு

14 வயது முடியாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு வைப்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குற்றம். "தொழில் கத்துக்கட்டும்" என்று அனுப்பினாலும் குற்றம்தான். அப்படிப் பார்த்தால் 1098 எண்ணில் சொல்லலாம். தொழில் கற்க முறையான வழி ஐடிஐ. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பு, பத்தாவது தேறியிருக்க வேண்டும். பெண்களும் சேரலாம். சென்னை கிண்டியில் பெண்களுக்கென்றே தனி அரசு ஐடிஐ இருக்கிறது. அங்கே என்னென்ன பிரிவுகள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் ஐடிஐ மாணவிகளையும் சேர்த்திருந்தார்கள். அரசுப் பள்ளியில் படித்த மகளைச் சேர்க்கும்போது அதைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.

18 வயது நிறைந்து பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு அரசின் நல வாரியம் ஒன்று உண்டு. ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து அமைத்த வாரியம். தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. விபத்து, பிள்ளைகள் படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பதிவு செய்தவருக்குத்தான் கிடைக்கும், விபத்து நடந்த பிறகு ஓடினால் பயன் இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் மற்ற விவரம் சொல்வார்கள். குழுவில் யார் வீட்டுப் பிள்ளை பட்டறையில் இருக்கிறான், யார் வீட்டுக்காரர் டிரைவர் என்று அடுத்த கூட்டத்தில் ஒரு பட்டியல் எழுதி, பதிவு செய்தவர், செய்யாதவர் என்று பிரித்துப் பாருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அவர்கள் ஊருக்கு வரும்போது, லீவு நாள் போக ஒரு வேலை நாளும் தங்கச் சொல்லி அலுவலகத்துக்கு அழைத்துப் போகலாம்.